ஆராய்ச்சி மணியும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

திருவாரூர்த் தெருவிலே தேர் ஓடியதாம். அரசிளங்குமரன் ஏறிய தேர். துள்ளி வந்த கன்று சக்கரத்திலே சிக்கி மாண்டதாம். தாய்ப்பசு அரண்மனை வாயிலிலே தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்ததாம். மன்னன் இறங்கி வந்தானாம், அமைச்சனைக் கேட்டானாம், நடந்ததை அறிந்தானாம், பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டானாம். நடந்த கதையா, புனைந்த கதையா என்ற ஆராய்ச்சி நமக்கு இப்போது வேண்டாம். கடைசியிலே ஆண்டவன் வந்து கன்றையும் மகனையும் எழுப்பிக் கொடுத்ததாகப் புராணிகர் பூசிய வண்ணத்தை நாம் என்றைக்கும் ஏற்றதில்லை. ஆனால் அந்தச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலே சிலை இருக்கிறது. திருவாரூரிலே கல்லில் தேர் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வைப்போம்.

அந்தப் பசுவை யாராவது குறுக்கு விசாரணை செய்தார்களா?

"உன் கன்று தேர்க்காலில்தான் அடிபட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி? வேறு எங்கேயோ பள்ளத்தில் விழுந்து செத்த கன்றை இழுத்துவந்து தெருவில் போட்டாயா? கன்றுக்கு முன்பே நோய் இருந்ததா இல்லையா? சம்பவம் நடந்தது காலையில், மணி அடித்தது மாலையில்; இடையிலே ஏன் இத்தனை தாமதம்? பார்த்த சாட்சி எங்கே? மருத்துவச் சீட்டு எங்கே?" என்று எவராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் பசு தோற்றிருக்கும். தேருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இல்லாத காலம் அது, பசு பிழைத்தது.

அதே திருவாரூர் மாவட்டத்திலே, அதே காவிரி பாயும் மண்ணிலே, இன்று தேர் ஓடாத சாலையில் கார் ஓடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வழியாகத் திருத்துறைப்பூண்டியைத் தொட்டு, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று தெற்கே இறங்குகிறது. வேதாரண்யத்து உப்பு லாரி அதிலே வருகிறது. நெல் மூட்டை ஏற்றிய லாரி வருகிறது. ஆவணியிலே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கூட்டம் சாலை ஓரத்தை நிறைக்கிறது. அவர்களை உரசிக்கொண்டு பட்டணத்துக் கார்கள் பறக்கின்றன. களம் போதாத ஊர்களிலே உழவன் தன் நெல்லைச் சாலையிலேயே பரப்பிக் காயவைக்கிறான். அறுப்புக் காலத்திலே கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிவிட்டு, இருட்டும் நேரத்தில் சைக்கிளில் வீடு திரும்புகிறான் சுமைத் தொழிலாளி. சைக்கிளுக்கு விளக்கு இல்லை. காருக்கோ கண் கூசும் விளக்கு.

அவனை ஒரு கார் தட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்பு முறிகிறது. கார் ஒரு கணம் நிற்கிறது. கூட்டம் கூடுவதைக் கண்டு பறக்கிறது. டீக்கடையில் இருந்த இருவர் ஓடிவந்து, ஆட்டோவிலே தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைகிறார்கள். அங்கே இரவுப் பணி மருத்துவர், எதிரே இருபது நோயாளிகள், கையிலே விபத்துப் பதிவேடு. "எப்படி அடிபட்டது?" என்று கேட்கிறார். அடிபட்டவன் மயக்கத்திலே இருக்கிறான். கூட வந்தவன் பதறிப்போய்ச் சொல்கிறான்: "ரோட்டுல விழுந்து கெடந்தாருங்க, சைக்கிள்ல வந்தாரு." அவன் சொன்னதிலே பொய் இல்லை. அவன் பார்த்தது விழுந்து கிடந்ததைத்தான். மருத்துவர் எழுதுகிறார்: சைக்கிளிலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது.

தோழர்களே, அந்த ஒரு வரி! அந்த வரி எழுதப்பட்ட கணத்திலேயே அவனுடைய வழக்கு பாதி தோற்றுவிட்டது. அவனுக்கு அது தெரியாது. ஏனென்றால் அந்த வரி பெரும்பாலும் இங்கிலீஷிலே இருக்கிறது. தமிழ்நாட்டிலே தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது 1956-இல். தன் கால் எப்படி முறிந்தது என்று எழுதிய வரியைத் தமிழன் படித்து அறிய முடியாத நிலைமையோ இன்றும் இருக்கிறது. மொழிப் பிரச்சினை என்றால் மேடைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இந்தச் சீட்டை ஒருமுறை பார்க்கட்டும்.

பிறகு என்ன நடக்கும்? கால் ஓரளவு கூடும், முழுதாகக் கூடாது. மூட்டை தூக்க முடியாது. ஊரார் சொல்லி, வழக்கறிஞரைப் பார்த்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலே மனுப் போடுவான். கார் எண்ணை ஒருவர் பார்த்து வைத்திருப்பார். போலீஸ் வழக்கும் பதிவாகியிருக்கும், பத்து நாள் கழித்து. கூண்டிலே ஏறுவான். இன்சூரன்ஸ் வழக்கறிஞர், அவர் தொழிலை அவர் செய்கிறார், குறை சொல்லவில்லை, அந்தச் சீட்டை நீட்டுவார்.

"இது நீர் முதலில் போன மருத்துவமனையின் பதிவுதானே?"

"ஆமாங்க."

"இதில் கார் என்ற சொல்லே இல்லையே?"

"எனக்கு அப்ப நெனவு இல்லீங்க."

"நினைவே இல்லாத நீர், இந்தக் கார்தான் மோதியது என்று எப்படிச் சொல்கிறீர்? பத்து நாள் கழித்து யாரோ சொல்லிக் கொடுத்துத்தானே புகார் கொடுத்தீர்?"

என்ன சொல்லுவான்? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏழை சொல்லாத சொல்லும், அவனுக்காக இன்னொருவன் அரைகுறையாகச் சொன்ன சொல்லும் அம்பலம் ஏறி அவனையே அடிக்கிறதே, இதற்கு என்ன பழமொழி?

சட்டம் அவனுக்கு எதிராக இருக்கிறதோ என்றால், இல்லை. இதைத்தான் நம் தோழர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொலை வழக்கிலே, திருட்டு வழக்கிலே ஐயத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். ஒரு ஐயம் எழுந்தால் அதன் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு. இழப்பீட்டு வழக்கின் அளவுகோல் அது அன்று. இருபக்கத்தையும் தராசிலே வைத்து, "இப்படித்தான் நடந்திருக்கக்கூடும்" என்று எந்தத் தட்டு தாழ்கிறதோ அந்தத் தட்டுக்குத் தீர்ப்பு. அவ்வளவுதான் சட்டம் கேட்பது.

இதை நாட்டுக்குச் சொன்னதே ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். இருட்டிய பிறகு சென்றுகொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து, தொங்கிக் கிடந்த உயர் அழுத்த மின்கம்பியிலே பட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களிலே 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். ஓட்டுநர் மேல் கிரிமினல் வழக்கு. விடுதலையாகிவிட்டார். என்ன காரணம் என்கிறீர்கள்? அது ஆண்டவன் செயலாம்! மின்கம்பியைத் தொங்கவிட்டது மனிதன், பேருந்தை ஓட்டியது மனிதன், மாண்டது மனிதன்; குற்றம் மட்டும் ஆண்டவன் தலையில்! பேருந்து முதலாளி அந்த விடுதலையைக் காட்டி, இழப்பீடும் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைத் தள்ளினார். கிரிமினல் வழக்கில் வேண்டிய கவனக்குறைவு வேறு, இழப்பீட்டு வழக்கில் பார்க்க வேண்டிய கவனக்குறைவு வேறு. அங்கே விடுதலை என்பதால் இங்கே பொறுப்பு போய்விடாது என்றார். அங்கொரு சந்தேகம், இங்கொரு மங்கல் என்று காரணம் காட்டி ஓட்டுநரும் உரிமையாளரும் தப்பிவிடாமலும், ஒன்றும் அறியாதவர்கள் துன்பப்படாமலும் தீர்ப்பாயங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தையும் எழுதி வைத்தார்.

2009-இல் இமாச்சலப் பிரதேசப் போக்குவரத்துக் கழகப் பேருந்து பற்றிய வழக்கிலே உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசிற்று. இன்ன பேருந்து, இன்ன விதத்தில், இன்ன இடத்தில் மோதிற்று என்று கணக்காக நிரூபிப்பது பாதிக்கப்பட்டவர்களால் முடியாமல் போகலாம். நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும் என்றது. 2011-இல், ராஜஸ்தானத்திலே லாரி மோதிய ஒரு சிறுவனின் வழக்கில், அடிபட்டவனின் குடும்பம் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுமா, போலீஸ் நிலையத்துக்கு ஓடுமா என்ற நியாயத்தைப் பேசி, புகார் தாமதம் என்ற ஒன்றுக்காகவே உண்மையான வழக்கைத் தள்ளக்கூடாது என்றது. 2020-இல், அடிபட்டவரைத் தூக்கிச் சென்றதாகச் சொன்ன சாட்சியை, மருத்துவமனை ஏட்டில் உன் பெயர் இல்லையே என்று உயர் நீதிமன்றம் ஒதுக்கிவிட, உச்ச நீதிமன்றம் அவர் சாட்சியத்தை ஏற்றது. நெடுஞ்சாலையிலே அகப்படும் சாட்சியை அந்த நுணுக்கத்துக்குச் சோதிக்க முடியாது என்பது அதன் கருத்து.

அப்படியானால் நம் சுமைத் தொழிலாளி கடைசியில் வென்றுவிடுவானே என்பீர்கள். வெல்லலாம், உச்ச நீதிமன்றம் வரை போனால்! மேலே சொன்ன ஒவ்வொரு வழக்கிலும் கீழே எத்தனை படி ஏறி, எத்தனை ஆண்டு காத்திருந்து அந்த நியாயம் கிடைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மூட்டை தூக்கிப் பிழைத்தவன் டெல்லிக்குப் போவானா? அவனுக்கு நீதி கிடைப்பதானால் திருவாரூரிலேயே, மன்னார்குடியிலேயே, நாகையிலேயே, முதல் விசாரணையிலேயே கிடைத்தாக வேண்டும். அதற்கு டெல்லித் தீர்ப்பைவிட, அன்றிரவு எழுதிய சீட்டுத்தான் பெரிது.

பாண்டியன் அவையிலே கண்ணகி வென்றது எதனால்? கண்ணீரால் என்று கூத்தாடிகள் சொல்வார்கள். இல்லை. கையிலே இன்னொரு சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பிலே முத்து, கண்ணகி சிலம்பிலே மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், முடிந்தது வழக்கு. அந்தச் சிலம்பும் கோவலனோடு போயிருந்தால் அவள் கதறல் மதுரைத் தெருவோடு போயிருக்கும். அத்தாட்சியின் அருமை தமிழனுக்குப் புதிதன்று.

தஞ்சைத் தரணிக்கு அறவே புதிதன்று. வாய்ச்சொல்லிலே குத்தகை, வாய்ச்சொல்லிலே வாரம் என்று தலைமுறை தலைமுறையாய்ச் சாகுபடி செய்தவன், மிராசுதார் "இவனா? யார் இவன்?" என்று கேட்ட அன்றைக்கு வரப்பிலே நின்று விழித்த மண் இது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் எழுத்திலே பெயர் இல்லாத குத்தகைக்காரன் அல்லாடினான். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தபோதுதான், உழுதவன் பெயர் சர்க்கார் ஏட்டிலே ஏற வழி பிறந்தது. பெயர் ஏறியவன் நின்றான். ஏறாதவன் நிலை என்னவாயிற்று என்று உங்கள் ஊர்க் கிழவர்களைக் கேளுங்கள். வயலுக்கு ஒரு ஏடு எப்படியோ, வாகன விபத்துக்கு ஆஸ்பத்திரி ஏடு அப்படி.

கார் மோதியது என்று நிரூபித்ததோடு கதை முடியவில்லை. அந்த மோதலால்தான் இந்தக் காயம் வந்தது என்று அடுத்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். இங்கேதான் கம்பெனி மருத்துவம் பேசும். குனிந்து குனிந்து நாற்று நட்ட பெண். வயது ஐம்பது. வேன் இடித்து விழுந்தாள், இடுப்பு போயிற்று, இனி வயலில் இறங்க முடியாது. படம் எடுத்தால் முதுகெலும்பிலே தேய்மானம் தெரிகிறது. தெரியாமல் என்ன செய்யும்? முப்பது ஆண்டு நடவு, முப்பது ஆண்டு களையெடுப்பு! "இது விபத்தால் வந்தது அல்ல, வயதால் வந்தது" என்று வாதம் எழும். அவள் உழைப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகக் கூண்டேறும் விந்தை!

இதற்குச் சட்டத்தின் பதில் பழையது. அடித்தவன், அடிபட்டவனை அவன் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும். மண்டை ஓடு மெல்லியது, ஆகவே என் அடிக்கு நான் பொறுப்பல்ல என்று சொல்ல முடியாது. இங்கிலாந்திலே 1950-இல் ஓர் உலோகப் பூச்சுத் தொழிலாளியின் உதட்டிலே உருகிய உலோகத் துளி தெறித்தது. சிறு தீப்புண். அது புற்றாக மாறி மூன்று ஆண்டிலே அவர் மாண்டார். அவர் உடலிலே புற்றுக்கான தன்மை முன்பே இருந்தது, நாங்கள் என்ன செய்வோம் என்றது முதலாளி தரப்பு. 1960-களின் தொடக்கத்திலே வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை; தீப்புண்ணுக்குப் பொறுப்பானவன் சாவுக்கும் பொறுப்பு என்றது. நடவுப் பெண்ணின் வழக்கிலும் கேள்வி அதுதான்: தேய்மானத்தோடு நேற்று வரை நட்டாளா இல்லையா? நட்டாள் என்றால், நிறுத்தியது எது? அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவளோடு நடவு நட்டவர்கள், கூலி கொடுத்தவர், நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு. விபத்துக்கு முந்தைய வாரம் வரை அந்த ஏட்டிலே அவள் பெயர் இருந்தால், எக்ஸ்ரே படத்தைவிட அது பெரிய அத்தாட்சி. வழக்கறிஞர்கள் இதை ஏனோ அதிகம் தேடுவதில்லை.

மூன்றாவது முடிச்சு, காயத்தால் என்ன இழந்தான் என்பது. சதவீதக் கணக்கு. மருத்துவர் முப்பது என்பார், கம்பெனி பத்து என்னும், நடுவிலே பதினைந்து என்று தீரும், மாட்டுச் சந்தையிலே துண்டு போட்டு விலை பேசுவது போல. 2010-இல் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் இந்தச் சந்தைக் கணக்கை மறுத்து எழுதிய தீர்ப்பை ஒவ்வொரு தொழிற்சங்கத் தோழரும் அறிந்திருக்க வேண்டும். உறுப்பு எத்தனை சதவீதம் போயிற்று என்பது ஒன்று. பிழைப்பு எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறொன்று. இடக்கை போன குமாஸ்தாவுக்கு வேலை நிற்கலாம். அதே கை போன தச்சனுக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பே முழுதாகப் போகலாம். ஆகவே அவன் என்ன தொழில் செய்தான் என்று பார் என்றார். கேட்டவுடன் எழுதித் தரும் சான்றிதழ்களை அப்படியே நம்பாதே என்றும் சொன்னார். வைத்தியம் பார்த்த மருத்துவர் நீதிமன்றத்தில் காத்துக் கிடக்க அஞ்சி வராமல் போவதால், அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்துச் சீக்கிரம் விசாரித்து அனுப்பு என்றும் சொன்னார். நியாயமான பேச்சு. 2014-இல் கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் காலை இழந்த வழக்கு. உட்கார்ந்த இடத்திலே காய் விற்கலாமே, ஊன்றி நடக்கக் கால் எதற்கு என்கிற தோரணையிலே கீழே கணக்குப் போட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி 85 சதவீத இழப்பு என்றது. அவர் சொன்ன மாத வருமானம் ரூ.6,500-க்குச் சீட்டு கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. தெருவில் காய் விற்பவனுக்குச் சம்பளப் பட்டியல் யார் தருவார்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய் வழக்கும் உண்டு. மாடியிலிருந்து விழுந்தவனுக்கு மோட்டார் சைக்கிள் தேடிப் பிடிப்பதும், இல்லாத சாட்சியை உண்டாக்குவதும் நடக்கின்றன. உத்தரப் பிரதேசத்திலே இந்த வியாபாரம் பெருகியதால் 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமே சிறப்பு விசாரணைக் குழு அமைக்கச் சொல்ல நேர்ந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற இந்தக் கூட்டத்தை நாம் ஆதரிக்க மாட்டோம். "எப்படியாவது கார் என்று எழுதச் சொல்லுங்கள்" என்று எந்தத் தோழரிடமும் நாம் சொல்லவில்லை. பொய்ச் சீட்டு ஒன்று பிடிபட்டால், அடுத்து வரும் பத்து உண்மைச் சீட்டுகளையும் நீதிபதி ஐயக்கண்ணோடுதான் பார்ப்பார். அந்தப் பத்தும் ஏழைகளுடையவை.

இனி சட்டம் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. மூன்றாம் மனிதருக்கான கட்டாய இன்சூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது 1946-இல். அப்போதும் இழப்பீடு கேட்பவன் சிவில் கோர்ட்டிலே ஸ்டாம்புக் கட்டணம் கட்டி வழக்காட வேண்டும். தனித் தீர்ப்பாயம் என்ற ஏற்பாடு 1956 திருத்தத்திலே பிறந்தது. 1988 சட்டம் ஆறு மாதக் கெடு வைத்தது. 1994-இல் அந்தக் கெடுவை எடுத்தார்கள். 2019 திருத்தத்திலே மறுபடி கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வைத்துவிட்டார்கள். ஆறு மாதம்! தொடையிலே கம்பி வைத்தவன் ஆறு மாதத்தில் எழுந்து நடப்பதே அரிது. அதற்குள் வழக்கறிஞரைத் தேடி, காகிதம் சேர்த்து, மனுப் போட வேண்டுமாம். கெடு வைத்தவர்களின் கால் முறிந்ததில்லை போலும். இதை எதிர்த்த வழக்கிலே, காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளாதீர்கள் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை இட்டது. இடைக்கால ஆணையை நம்பி உறங்க வேண்டாம். ஆறு மாதம் என்பதையே கணக்காக வையுங்கள்.

அதே திருத்தங்களிலே நமக்கு உதவும் சங்கதியும் இருக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் அதிகாரி முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். ஏட்டிலே எவ்வளவு அழகாக இருக்கிறது! அடிபட்டவன் படுத்த இடத்திலே படுத்திருக்க, சர்க்காரே அவனுக்காக மணியை அடிக்கும் ஏற்பாடு. போலீஸ் நிலையத்திலே போய் "முதல் அறிக்கை அனுப்பினீர்களா, ஐயா?" என்று மரியாதையோடு கேட்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். கேட்காத இடத்தில் எந்தச் சட்டமும் தானாக நடப்பதில்லை.

இன்னொரு பிரிவு, 164. யார் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டாம், சாவுக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2½ லட்சம் என்று தொகையை வரையறுத்திருக்கிறார்கள். அடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் சாவுக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000, 2022 ஏப்ரலுக்கு முன் இது ரூ.25,000, ரூ.12,500 என்று பிச்சைக்காசாக இருந்தது. ஆனால் இவற்றிலும் கவனியுங்கள்: யார் தவறு என்று காட்ட வேண்டாமே தவிர, காயம் மோட்டார் வண்டியால் வந்தது என்பதைக் காட்டித்தான் ஆக வேண்டும். மறுபடி அந்தச் சீட்டிலேதான் வந்து நிற்கிறோம்.

நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சரக்கு வண்டியிலே அடைத்து ஏற்றிச் செல்லும் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் வண்டிக்காரன்தான் பொறுப்பு. அவனிடம் அந்த வண்டியைத் தவிர என்ன இருக்கும்? அதுவும் கடனிலே வாங்கியதாக இருக்கும். கூலிக்கு ஆள் கூட்டும் மேஸ்திரிகளிடம் இதை இப்போதே பேசுங்கள்; விபத்துக்குப் பின் பேசிப் பயனில்லை.

கடைவீதித் தோழர்கள், ஆட்டோ நிலையத் தோழர்கள், கிளைக் கழகச் செயலாளர்கள் செய்யக்கூடியது இதுதான். அடிபட்டவனைத் தூக்கச் சென்றால், யார் பார்த்தது என்று அங்கேயே கேளுங்கள். பார்த்தவர் ஒருவர் கூட வரட்டும். போலீஸ் தொல்லை என்று அஞ்ச வேண்டாம். உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும், பிறகு 134-அ பிரிவும் சொல்லிவிட்டன. வண்டி எண் முழுதாகத் தெரியாவிட்டால் தெரிந்த நான்கு எண்ணாவது, நிறமாவது, எந்தப் பக்கம் போயிற்று என்பதாவது கையிலே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலே, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். "விழுந்தார்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எது மோதி விழுந்தார் என்பதைச் சொல்லுங்கள். "என்ன எழுதியிருக்கிறீர்கள், டாக்டர்? தமிழில் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தவறாக எழுதியிருந்தால் நினைவு திரும்பியதும் அடிபட்டவரே மருத்துவரிடமும் போலீசிடமும் வாக்குமூலம் தரட்டும். அடுத்த நாள் திருத்திய வரி, அடுத்த ஆண்டு சொல்லும் விளக்கத்தைவிட நூறு மடங்கு வலியது. வெளிநோயாளிச் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது எதையும் கூரையிலே சொருகி மழையிலே நனைய விடாதீர்கள்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுவோம். விபத்துப் பதிவேட்டிலே எப்படி அடிபட்டது என்ற பகுதியைத் தமிழில் எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க ஓர் ஆணை போதும். செலவு ஒரு காசும் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேர வைத்தியச் செலவை ஏற்று எத்தனையோ உயிரைக் காக்க வந்த திட்டம். அந்த 48 மணிக்குள்ளேயே அத்தாட்சியையும் காக்க ஓர் ஏற்பாட்டை அதிலே சேர்க்கலாம். பிழைத்த உயிருக்குப் பிழைப்பும் வேண்டுமே!

அரசுப் போக்குவரத்துக் கழகங்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்வோம். தீர்ப்பாயம் தொகையைச் சொல்லிவிட்ட பிறகும் கட்டாமல் இழுத்து, கடைசியிலே அமீனா வந்து பேருந்து நிலையத்தில் பேருந்தை ஜப்தி செய்து, பயணிகளை இறக்கிவிட்டு ஓட்டிப் போகும் காட்சியைத் தமிழ்நாட்டு ஏடுகளிலே எத்தனை முறை படித்துவிட்டோம்! பேருந்து நம்முடையது, அதனால் கால் இழந்தவனும் நம்முடையவன். தனியார் முதலாளி இழுத்தடித்தால் மேடையிலே முழங்குகிறோம். நம் கழகப் பேருந்து இழுத்தடிக்கும்போதும் அதே குரலிலே கேட்க வேண்டும்: தீர்ப்பு வந்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையிலே எத்தனை மாதம்? ஒவ்வொரு கோட்டமும் அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தின் முன் வைக்கட்டும்.

திருப்பூரிலே பனியன் கம்பெனிக்குப் போய் அங்கே அடிபட்டுத் திரும்பிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. விபத்து நடந்த ஊரிலேதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு செலவில்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தரும். நீதிமன்ற வளாகத்திலே அதன் அலுவலகம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். போகும்போது, முதல் நாள் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.